நார்ஸ் குடியேற்றம் நிலைத்திருந்தால்: மாற்று வரலாற்றைக் கப்பல் கணக்கிலிருந்து எழுதும் வழி

பலரும் அம்பில்தான் தொடங்குகிறார்கள். வைகிங்குகள் என்று நாம் அறிந்த ஸ்காண்டிநேவியரான நார்ஸ் மக்கள் ஆயிரம் ஆண்டுக்கு முன் கிரீன்லாந்தில் குடியேறினார்கள், அங்கிருந்து போய்த் தொட்ட வட அமெரிக்கக் கரைக்கு வின்லாந்து என்று பெயர் வைத்தார்கள். கிரீன்லாந்துக் குடியேற்றத்தின் தலைவன் எரிக்கின் மகன் தோர்வால்ட் வின்லாந்தில் அம்பு பட்டு இறந்தான் என்று ஐஸ்லாந்தின் சாகாக் கதைகள் சொல்கின்றன. அந்த அம்பு குறி தவறியதாக வைத்துக்கொண்டால் அடுத்த அத்தியாயத்திலேயே அமெரிக்கக் கரையெங்கும் நார்ஸ் கொடி பறக்கத் தொடங்கிவிடுகிறது. நண்பர்கள் படித்துப் பார்க்கத் தரும் கைப்பிரதிகளில் இந்த வகைதான் அதிகம். நான் உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் சரக்குக் கப்பல் கணக்குப் பார்த்தவன். அம்பைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அடுத்த கோடையில் கப்பல் வந்ததா, வந்தது எதை இறக்கியது, திரும்பும்போது எதை ஏற்றியது, செலவை யார் தலையில் கட்டினார்கள்? இதற்குப் பதில் சொல்லாத குடியேற்றம் காகிதத்தில்கூட ஐம்பது ஆண்டு தாங்காது.

எனவே கதாநாயகனுக்குப் பெயர் வைக்கும் முன் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஐரோப்பாவிலிருந்து போக வேண்டியவை, வலப்பக்கம் அங்கிருந்து வரக்கூடியவை. வலப்பக்கம் காலியாக இருக்கும்வரை இடப்பக்கத்தில் ஓர் ஆணியைக்கூட எழுதாதீர்கள்.

முதலில் உண்மையான கணக்கு

கற்பனைக்கு முன்னால் நடந்ததைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐஸ்லாந்திலிருந்து நாடு கடத்தப்பட்ட எரிக் 985 வாக்கில் கிரீன்லாந்துக்கு ஆட்களைத் திரட்டிக்கொண்டு புறப்பட்டான். கிளம்பிய கப்பல்கள் 25, போய்ச் சேர்ந்தவை 14 என்று ஐஸ்லாந்தின் குடியேற்றப் பதிவு சொல்கிறது. கிழக்குக் குடியிருப்பு, மேற்குக் குடியிருப்பு என்று இரண்டு ஏற்பட்டன. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்: 'கிழக்கு' தீவின் தென்மேற்கு முனையருகே இருக்கிறது, 'மேற்கு' அதே கரையில் வடக்கே, இன்றைய நூக் நகரின் பக்கம். வரைபடத்தைப் பார்க்காமல் எழுதியவர்கள் இங்கேயே பிடிபட்டுவிடுவார்கள்.

உச்ச காலத்தில்கூட இரண்டிலும் சேர்த்து இரண்டாயிரம் முதல் மூவாயிரம் பேர்தான் இருந்தார்கள் என்பது ஆய்வாளர் பலர் இன்று சொல்லும் மதிப்பு. அவர்களுக்கு இரும்பும் பெரிய மரமும் வெளியிலிருந்து வர வேண்டும். பண்டமாற்றாகக் கொடுக்க அவர்களிடம் இருந்தது வால்ரஸ் என்ற வடகடல் விலங்கின் தந்தம். ஒவ்வொரு கோடையிலும் வடக்கே டிஸ்கோ விரிகுடாவரை படகில் போய் வால்ரஸ் அடித்துத் தந்தத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். 1126ல் கிழக்குக் குடியிருப்பில் இருந்த கார்தாருக்கு பிஷப் வந்து சேர்ந்தார். 1261ல் நார்வே மன்னருக்கு அடங்கினார்கள். 1327ல் அவர்கள் கட்டிய சிலுவைப்போர் வரி நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் தந்தமாகவே எடைபோடப்பட்டது. வரியைக்கூடச் சரக்காகக் கட்டிய ஊர் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. ஐரோப்பியச் சந்தைக்கு யானைத் தந்தம் தாராளமாக வரத் தொடங்கியது. கடலில் பனி கூடியது. 1349ல் கொள்ளைநோய் நார்வேயைத் துடைத்துப்போட்டது. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் மேற்குக் குடியிருப்புக்குப் போய்ப் பார்த்த ஈவர் பார்தர்சன், ஆள் யாருமின்றிக் கால்நடைகள் மட்டும் மேய்ந்ததாகச் சொன்னார். அந்தப் பக்கத்துப் பண்ணை ஒன்றின் குப்பையில் வேட்டைநாயின் எலும்புகள் கிடைத்தன, கத்தி வெட்டிய தடங்களுடன். 1408 செப்டம்பரில் ஹ்வால்சே தேவாலயத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. அதன் சாட்சிப் பத்திரங்களுக்குப் பிறகு அங்கிருந்து எழுத்துச் செய்தி எதுவும் இல்லை.

இதைப் படித்துவிட்டுத் தோல்வி என்று முடிவுகட்ட வேண்டாம். அகழ்வாய்வுப்படி அங்கே மக்கள் 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இருந்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் 1607ல் வர்ஜீனியாவில் இறங்கி இன்றுவரை ஓடியிருக்கும் காலத்தைவிட அது நீளம். ஆகவே 'நிலைத்த' என்றால் எதுவரை என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் 1497 என்று வைத்துக்கொள்கிறேன். அந்த ஆண்டு ஜான் காபட் பிரிஸ்டலிலிருந்து ஒரே கப்பலில் வந்து வட அமெரிக்கக் கரையைத் தொட்டார். அவரை வரவேற்க அங்கே ஒரு நார்ஸ் ஊர் இருக்க வேண்டும். அதுதான் நம் வேலை.

உண்மை வரலாற்றிலிருந்து கதையை எந்த ஆண்டில் பிரிப்பது?

லான்ஸ் ஓ மெடோஸ் நியூஃபவுண்ட்லாந்தின் வடமுனையில் இருக்கிறது. நார்வேயின் ஹெல்கே இங்ஸ்டாடும் அவர் மனைவி ஆன் ஸ்டீனும் 1960ல் அதைக் கண்டுபிடித்தார்கள். எட்டுக் கட்டடங்களின் அடித்தளம், ஒரு கொல்லுலை, ஒரு நூற்கும் தக்களிக்கட்டை, மேலாடையைப் பிணைக்கும், வளையம் வைத்த வெண்கல ஊசி. அங்கே கிடைத்த மரத்துண்டுகளில் உலோகக் கத்தி வெட்டிய தடம் இருந்தது. 993ல் வந்த ஒரு சூரியப் புயல் உலகெங்கும் அந்த ஆண்டின் மர வளையத்தில் கதிரியக்கக் கார்பன் அடையாளம் விட்டுப்போயிருக்கிறது. அந்த வளையத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பட்டைவரை எண்ணினார்கள்: 28. ஆக மரம் வெட்டப்பட்டது 1021ல். வின்லாந்து வரலாற்றில் கையில் பிடித்துக்கொள்ளக் கிடைத்த திட்டவட்டமான ஆண்டு அது ஒன்றே. 2021ல்தான் இந்த முடிவு வெளியானது. பழைய நூல்களைப் பார்த்து 1000, 1003 என்று எழுதிக்கொண்டிருப்பவர்கள் திருத்திக்கொள்ளலாம்.

ஆனால் 1021ல் பிரித்தால் கதை நொண்டும். காரணம் ஆள் பலம். சாகா ஒன்றின்படி வின்லாந்தில் குடியேறப் போன ஐஸ்லாந்து வியாபாரி தோர்ஃபின் கார்ல்செஃப்னியுடன் போனவர்கள் 60 ஆண்கள், 5 பெண்கள். இதைக் குடியேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மரம் வெட்டப் போன கூட்டம். கிரீன்லாந்தே அப்போதுதான் வேர்விடத் தொடங்கியிருந்தது, அங்கிருந்து இன்னொரு ஊருக்கு ஆள் பிரித்துக் கொடுக்க வசதி இல்லை. குத்ரித்தும் கார்ல்செஃப்னியும் வின்லாந்தில் பிறந்த மகன் ஸ்னோர்ரியைத் தூக்கிக்கொண்டு திரும்பியதில் வியப்பில்லை.

மறுகோடியில் 1347 இருக்கிறது. அந்த ஆண்டு கிரீன்லாந்துக் கப்பல் ஒன்று ஐஸ்லாந்தில் ஒதுங்கியதாக ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. சிறிய ஐஸ்லாந்துப் படகுகளைவிடவும் சிறியது, நங்கூரம் இல்லை, 17 பேர். மார்க்லாந்துக்குப் போய்த் திரும்பும் வழியில் காற்றில் அடித்துக்கொண்டு வந்தவர்கள். மார்க்லாந்து என்பது பெரும்பாலும் இன்றைய லாப்ரடார். அந்த வழியில் எரிக்கின் மகன் லெய்ஃபின் காலத்துக்கு மூன்று நூற்றாண்டுக்குப் பிறகும் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அப்போது பிரித்தாலும் பயனில்லை, இரண்டாண்டில் கொள்ளைநோய் வந்து கப்பலே நின்றுவிடும்.

என் பரிந்துரை 1121. 'பிஷப் எரிக் வின்லாந்தைத் தேடிப் போனார்' என்று ஐஸ்லாந்தின் ஆண்டுக்குறிப்பில் அந்த ஆண்டுக்கு எதிரே ஒரே வரி இருக்கிறது. போய்ச் சேர்ந்தாரா, திரும்பினாரா, ஒரு சொல் கிடையாது. சில ஆண்டுகளில் கிரீன்லாந்துக்காரர்கள் வேறு பிஷப் கேட்டு ஆள் அனுப்பினார்கள். எழுதுபவருக்கு இதைவிட நல்ல காலியிடம் அமையாது: உள்ள சான்று எதையும் நீங்கள் உடைக்க வேண்டியதில்லை. அதோடு, பிஷப் போனால் திருச்சபை போகிறது. தனிமனிதன் குடும்பத்தோடு திரும்பிவிடுவான். திருச்சபைக்கு எழுதிவைத்த நிலத்தை யாரும் விட்டுவிட்டு வர மாட்டார்கள். வாரிசுச் சண்டை இல்லாத, சாகாத ஒரு முதலாளி உங்கள் ஊருக்குக் கிடைத்துவிட்டார்.

கப்பலுக்குள் எவ்வளவு பிடிக்கும்?

இந்தப் பகுதியில் நான் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டென்மார்க்கில் ரோஸ்கில்டே கழிமுகத்தில் 11ஆம் நூற்றாண்டில் மூழ்கடிக்கப்பட்ட கப்பல்களை 1962ல் வெளியே எடுத்தார்கள். அவற்றில் ஒன்று கடல் கடக்கும் சரக்குக் கப்பல், க்னார் வகை. நீளம் சுமார் 16 மீட்டர், ஏற்றக்கூடிய சரக்கு 24 டன், ஓட்ட ஆறு முதல் எட்டுப் பேர் போதும். நீங்கள் சினிமாவில் பார்த்த நீண்ட, ஒல்லியான போர்க்கப்பலில் மாட்டை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடக்க முடியாது. இந்தத் தடித்த, மெதுவான கப்பல்தான் உங்கள் கதையின் முதுகெலும்பு.

இப்போது பத்துப் பசுக்களை ஏற்றிப் பாருங்கள். அந்தக் காலத்து மாடு சிறியது, ஒன்றுக்கு 300 கிலோ போடுவோம்: 3 டன். நாளுக்குப் பத்து கிலோ உலர்புல், முப்பது லிட்டர் தண்ணீர் என்று கையைச் சுருக்கிப் போட்டாலும் 20 நாளைக்குப் புல் 2 டன், தண்ணீர் 6 டன். ஆக 11 டன். 24ல் 11தானே, மீதி 13 டன் இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். உலர்புல்லுக்கு எடை குறைவு, பருமன் அதிகம். எடை நிரம்பும் முன்னே இடம் நிரம்பிவிடும் என்பது சரக்குத் தொழிலில் இருப்பவர்களின் பழைய தலைவலி. கப்பலுக்கு முழு மேல்தளமும் கிடையாது, சரக்குக்கு நடுவில் திறந்த குழிதான். மழையில் நனைந்த புல் பூஞ்சை பிடித்தால் மாடு கரை சேராது. இந்த ஒரு பயணத்தை இரண்டு பக்கம் எழுதினால் போதும், உங்கள் வாசகர் உங்களை நம்பத் தொடங்கிவிடுவார்.

தூரமும் முக்கியம். எரிக்கின் பண்ணை இருந்த பிராத்தாலித்திலிருந்து லான்ஸ் ஓ மெடோஸுக்கு நேர்க்கோடு போட்டால் 1,200 கிலோமீட்டர் வரும். கரையை ஒட்டி வடக்கே ஏறி, பாஃபின் தீவைத் தொட்டு, லாப்ரடார் வழியாக இறங்கினால் அதைவிட வெகு நீளம், ஆனால் கண்ணுக்குக் கரை தெரியும். மாலுமிகள் எந்த வழியில் வந்தார்கள் என்று ஒரு வரியாவது எழுதுங்கள்.

வலப்பக்கத்தை நிரப்புதல்

மரம் என்று எழுதாதவர் இல்லை. கிரீன்லாந்துக்கு மரம் தேவை, லாப்ரடாரில் மரம் இருக்கிறது, சரி. ஆனால் நார்வேக்காரன் மரம் வாங்க மாட்டான், அவன் நாடே காடு. மரம் கிரீன்லாந்துவரையில்தான் காசு. பெர்கன் வியாபாரி பையைத் திறக்க வேண்டுமென்றால் வேறு பொருள் வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த விடை, யாரும் எழுதிப் பார்க்காதது: தெற்கிலும் வால்ரஸ் இருந்தது. செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில், மக்தலேன் தீவுகளில், பெரும் கூட்டமாகக் கரையேறும். 18ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் ஐரோப்பியர் ஒன்றுவிடாமல் அடித்துத் தீர்த்துவிட்டதால் இன்று யாருக்கும் அது நினைவில்லை. லான்ஸ் ஓ மெடோஸில் பட்டர்நட் கொட்டைகள் கிடைத்திருக்கின்றன. அந்த மரம் நியூஃபவுண்ட்லாந்தில் வளராது, நியூ பிரன்ஸ்விக் பக்கம் வரை போனால்தான் கிடைக்கும். அதாவது நார்ஸ் படகுகள் அந்த வளைகுடாவுக்குள் போயிருக்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் தந்தத்துக்கு ஐரோப்பாவில் நல்ல விலை. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் கிடைத்த அந்தப் புகழ்பெற்ற சதுரங்கக் காய்கள் வால்ரஸ் தந்தத்தில் அந்த நூற்றாண்டில் செதுக்கியவைதான். டிஸ்கோ விரிகுடாவின் பனியில் உயிரைப் பணயம் வைத்து அடிப்பதைக் கோடையில் மணற்கரையில் அடிக்கலாம் என்றால், கார்தார் பிஷப் கணக்குப்பிள்ளையை அனுப்பிவைக்க மாட்டாரா?

பிஷப்புக்கு இன்னொரு ஆசையும் கொடுக்கலாம். அதே நியூ பிரன்ஸ்விக் பக்கம் காட்டுத் திராட்சை வளரும். வடக்கே பூசைக்குத் திராட்சை ரசம் கிடைப்பது பெரும்பாடு. 13ஆம் நூற்றாண்டில் போப் ஒன்பதாம் கிரகோரி நார்வேயின் நிதாரோஸ் பேராயருக்கு எழுதிய கடிதங்கள் அதைக் காட்டுகின்றன. ரசத்துக்குப் பதில் பீர் கூடாது என்று ஒரு முறை சொல்கிறார். 1241ல், தண்ணீருக்குப் பதில் பீரில் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்கிறார். சொந்தக் கரையில் திராட்சை வைத்திருக்கும் ஒரு பிஷப் நிதாரோஸில் எவ்வளவு மிடுக்காக நடப்பார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

யானைத் தந்தம் வந்து விலை விழுந்ததும் இரண்டாவது சரக்கு தயாராக இருக்க வேண்டும். வால்ரஸ் தோலில் திரித்த கப்பல் கயிறு கொஞ்ச நாள் தாங்கும். அதற்கும் பிறகு காட் மீன். ஆனால் கவனம்: உப்பிடாமல் குளிர்காற்றில் உலர்த்திய காட் கருவாடு நார்வேயின் லோஃபோட்டனிலிருந்தே பெர்கனுக்கு மலைமலையாக வந்துகொண்டிருந்தது. அட்லாண்டிக்கைக் கடந்து வரும் கருவாடு அதோடு விலையில் போட்டியிட முடியாது. ஆகவே காட் மீனை 15ஆம் நூற்றாண்டு வரை கணக்கில் சேர்க்காதீர்கள். வாங்குபவன் தானே கப்பல் கொண்டுவந்தால்தான் அது சரக்கு.

தலைகளை எண்ணுங்கள்

பிஷப் எரிக் 1121ல் ஆணும் பெண்ணும் சரிபாதியாக 60 பேரை இறக்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று என்ற வேகத்தில் பெருகினால், அந்தக் காலத்துக்கு அது தாராளம், இரட்டிப்பாக 70 ஆண்டு ஆகும். 1191ல் 120. 1261ல் 240. 1331ல் 480. 1401ல் 960. அவ்வளவுதான். 280 ஆண்டு கழித்தும் ஆயிரம் பேர் கிடையாது. உங்கள் கைப்பிரதியில் இருக்கும் வின்லாந்துப் படை, வின்லாந்துப் பல்கலைக்கழகம், மிஸிஸிப்பிப் படையெடுப்பு எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடித்துவிடுங்கள். புதிதாக ஆள் வந்துசேர வேண்டும், அல்லது அக்கம்பக்கத்தாரோடு கலக்க வேண்டும்.

கலக்காமல் இருக்கவும் முடியாது. 1215ல் கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காம் லாத்தரன் சங்கம் உறவுக் கல்யாணத் தடையை ஏழு தலைமுறையிலிருந்து நான்காகக் குறைத்தது. அப்படியும் பாட்டனுக்குப் பாட்டன் ஒருவராக இருந்தால் கல்யாணம் செல்லாது. 240 பேர் உள்ள ஊரில் மூன்றாம் தலைமுறைக்கு மேல் யாருக்கு யார் உறவில்லை? பாதிரியார் விதியைப் பிடித்தால் ஊரில் கல்யாணமே நடக்காது. விதியை விட்டால் பிள்ளைகளின் வாரிசுரிமை சந்தேகத்துக்கு வரும், நிலத் தகராறு வரும். ஆயிரம் பக்க நாவலுக்குப் போதுமான கரு இந்த ஒரு சட்டத்துக்குள் இருக்கிறது, ஆனால் எல்லோரும் வாளைத்தான் எழுதுகிறார்கள்.

அக்கம்பக்கத்தார் யார் என்பதில் சோம்பல் கூடாது. நார்ஸ் மக்கள் எல்லோரையும் 'ஸ்க்ரேலிங்' என்ற ஒரே பெயரில் அழைத்தார்கள். நீங்கள் அப்படி எழுதினால் உங்கள் பாத்திரங்களின் அறியாமை உங்களுடையதாகிவிடும். நியூஃபவுண்ட்லாந்தில் பியோத்துக் மக்களின் முன்னோர். லாப்ரடாரின் காடுகளில் இன்னு மக்களின் முன்னோர். திராட்சையும் வால்ரஸும் கிடைக்கும் தெற்கு வளைகுடாவில் மிக்மாக் மக்களின் முன்னோர். கிரீன்லாந்தின் வடக்கிலிருந்து இறங்கி வந்த தூலே மக்கள், அதாவது இன்றைய இனுயிட்டின் மூதாதையர், இவர்கள் எல்லோரிடமிருந்தும் வேறு. தூலே மக்களிடம் கயாக் இருந்தது, எறிந்ததும் சதைக்குள் குறுக்கே திரும்பிக்கொள்ளும் ஈட்டிமுனை இருந்தது, குளிர்காலப் பனியில் சீல் மூச்சுவிட வரும் துளையருகே காத்திருந்து அடிக்கத் தெரிந்தது. கிரீன்லாந்து நார்ஸ் மக்கள் இதில் எதையும் கற்றுக்கொண்டதற்குத் தடயம் இல்லை. உங்கள் ஊர் பிழைக்க வேண்டுமானால் அவர்கள் கற்காததை உங்கள் பாத்திரங்கள் கற்றாக வேண்டும். யார் கற்றுக்கொடுத்தார்கள், பதிலுக்கு எதைப் பெற்றார்கள் என்று எழுதுங்கள்.

வியாபாரத்துக்குச் சாகாவிலேயே அருமையான ஒரு காட்சி இருக்கிறது. உள்ளூர் மக்கள் தோல்களைக் கொடுத்துச் சிவப்புத் துணி வாங்குகிறார்கள், ஒரு தோலுக்கு ஒரு சாண். துணி தீரத் தீர நார்ஸ்காரர்கள் துண்டைக் குறுக்கிக்கொண்டே போகிறார்கள், கடைசியில் விரலகலம்தான். அப்போதும் முழுத் தோல் கொடுத்தார்கள் என்று கதை பெருமையடிக்கிறது. விற்றவன் சொன்ன கணக்கு இது. அடுத்த கோடையில் அவர்கள் ஏன் வரவில்லை என்பதை நீங்கள் எழுத வேண்டும். கார்ல்செஃப்னி வாள், ஈட்டி விற்கக் கூடாது என்று தடை போட்டதாகவும் இருக்கிறது. முந்நூறு ஆண்டு அந்தத் தடை நிற்குமா? ஒரு கொல்லன் மருமகனுக்குக் கத்தி செய்துகொடுக்க மாட்டானா?

நோய் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் இதை மந்திரக்கோலாகப் பயன்படுத்துகிறார்கள். 'நார்ஸ்காரர்கள் நிலைத்திருந்தால் பெரியம்மை முன்கூட்டியே பரவி, 1492க்குள் எல்லோருக்கும் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும்' என்பது வாடிக்கையான வாதம். எதிர்ப்புச் சக்தி பிதுரார்ஜிதச் சொத்து அல்ல, பெரியம்மையிலிருந்து பிழைத்தவனின் பேரன் மறுபடி வெறுங்கையோடுதான் பிறக்கிறான். அம்மையோ மணல்வாரியோ ஓரிடத்தில் தங்கிச் சுற்றிவர வேண்டுமானால் நெருங்கி வாழும் பெரிய மக்கள்தொகை வேண்டும். சில வாரக் கடற்பயணத்தில் எட்டுப் பேர் உள்ள கப்பலில் நோய் பெரும்பாலும் நடுக்கடலிலேயே எரிந்து அணைந்துவிடும். எப்போதாவது ஒரு முறை கரையேறும், ஒரு தலைமுறையைக் கொன்றுவிட்டு மறையும். அந்த 'எப்போதாவது' உங்கள் கதையில் எந்த ஆண்டு என்று குறித்துக்கொண்டு மேலே போங்கள்.

கப்பல் வராத அறுபது ஆண்டு

நல்ல மாற்று வரலாற்றுக்கு ஒரு சோதனைக் காலம் வேண்டும். அது இங்கே தானாகவே அமைகிறது. 1349க்குப் பிறகு பெர்கனில் ஆள் இல்லை, கிரீன்லாந்துக்கென்று இருந்த அரசுக் கப்பலும் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் மூழ்கிப்போயிற்று. ஐஸ்லாந்துக்காரர்கள் 1262ல் நார்வே மன்னருக்கு அடங்கியபோது ஆண்டுக்கு ஆறு கப்பல் அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியவர்கள். கப்பலின் அருமை தெரிந்த ஊர். உங்கள் வின்லாந்துக்கு அப்படிப்பட்ட பத்திரம் எதுவும் இல்லை.

இங்கேதான் இடத்தேர்வு கைகொடுக்கும். கிரீன்லாந்தில் இல்லாதது நியூஃபவுண்ட்லாந்தில் இருக்கிறது: விறகும் சதுப்பு இரும்பும். லான்ஸ் ஓ மெடோஸில் அந்த இரும்பை உருக்கியிருக்கிறார்கள், மொத்தமே 3 கிலோ அளவுதான் இருக்கும் என்பது மதிப்பீடு. ஆணிக்குப் போதும், அவ்வளவே. உங்கள் கதையில் 1350க்குப் பிறகு ஒரு குடும்பம் இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளட்டும். சதுப்பில் மண்ணைத் தோண்டி, காயவைத்து, மரக்கரி போட்டு உலையில் ஏற்றி, கசடு வழிந்து நின்ற பிறகு அடியில் கிடக்கும் பஞ்சுபோன்ற கட்டியைச் சூட்டோடு அடித்து அடித்து இறுக்குவார்கள். ஒரு கோடாரிக்கு எத்தனை மூட்டை கரி, அதற்கு எத்தனை மரம், அதை வெட்டும் கோடாரி எது என்று யோசித்தால் காட்சி தானே நகரும்.

தட்பவெப்பத்தில் ஓர் எச்சரிக்கை. லான்ஸ் ஓ மெடோஸ் ஏறத்தாழ லண்டனின் அட்சரேகையில் இருக்கிறது. அதை நம்பி லண்டன் வசந்தத்தை எழுதிவிடாதீர்கள். லாப்ரடார் நீரோட்டம் கோடைத் தொடக்கத்தில்கூடப் பனிமலைகளை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தும். கோதுமை கனவு. மாடு, ஆடு, மீன், சீல், காட்டுப் பெர்ரி, இவ்வளவுதான் சமையலறை.

1412ல் ஆங்கில மீன்பிடிக் கப்பல்கள் ஐஸ்லாந்துக் கடலுக்கு வரத் தொடங்கின. டேனிஷ் அரசர் தடுத்தும் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு கப்பல் காற்றில் மேற்கே அடித்துச் செல்லப்படட்டும். அறுபது ஆண்டாக அந்நிய முகம் காணாத ஊர், பழைய நார்ஸ் மொழி பேசிக்கொண்டு, மிக்மாக் மருமகள்களோடு, கரையில் நிற்கிறது. அவர்களிடம் உப்பு இல்லை. ஆங்கிலேயரிடம் இருக்கிறது. இந்த நிமிடத்திலிருந்துதான் காட் மீன் உங்கள் வலப்பக்கத்தில் ஏறுகிறது. மொழியின் கதி என்னாகும் என்பதற்கு ஷெட்லாந்தைப் பாருங்கள்: 1469ல் ஸ்காட்லாந்திடம் அடகாகப் போன பிறகும் நிலச் சட்டத்தில் நார்ஸ் வழக்கம் நீடித்தது, பேச்சு மட்டும் சில நூற்றாண்டில் தேய்ந்து மறைந்தது. காபட் வரும்போது உங்கள் ஊரின் இளைஞர்கள் பிரிஸ்டல் மாலுமிகளின் வசவுகளைத் தாராளமாக அறிந்திருப்பார்கள். தேவாலயக் கணக்குப்பிள்ளை அவரிடம் கரையிறங்கு கட்டணம் கேட்கலாம்.

எந்த வடிவில் எழுதுவது?

சாகா நடையைப் போலி செய்ய ஆசை வரும், விட்டுவிடுங்கள். இப்படிப்பட்ட ஊர் விட்டுச்செல்வது துண்டு துண்டான காகிதமும் கல்லும். கிரீன்லாந்தின் மேற்குக் கரையில், உபர்னாவிக் அருகே, 73ஆம் அட்சரேகைக்குக் கொஞ்சம் கீழே, ஒரு கற்குவியலில் ரூன் என்ற பழைய நார்ஸ் எழுத்துப் பொறித்த கையளவு கல் 1824ல் கிடைத்தது. எர்லிங், பியார்னி, எய்ன்ட்ரிதி என்ற மூவர் ஒரு விரத நாளுக்கு முந்தைய சனிக்கிழமை இந்தக் கற்குவியல்களை எழுப்பினார்கள் என்று இருக்கிறது. ஆண்டு இல்லை, காரணம் இல்லை. இதைப் போல ஒரு கல், ஒரு கல்யாணச் சாட்சிப் பத்திரம், ஒரு வரி ரசீது, ஆண்டுக்குறிப்பில் ஒரு வரி என்று நான்கைந்து போலி ஆவணங்களைச் செய்து, அவற்றுக்கு நடுவே கதையை ஓடவிடுங்கள். ஆவணங்கள் ஒன்றுக்கொன்று சிறிது முரண்படட்டும். 60 என்று ஒன்றும் 65 என்று மற்றொன்றும் சொல்லட்டும். உண்மையான சாகாக்கள் இரண்டும் கார்ல்செஃப்னியின் ஆட்களின் எண்ணிக்கையில் ஒத்துப்போவதில்லை.

முடித்ததும் கைப்பிரதியை ஒரு முறை பொருள் பார்த்து வாசியுங்கள். நாணயத்தை எண்ணிக் கொடுத்திருந்தால் அடித்துவிட்டுக் கம்பளித் துணியாகவோ தந்தமாகவோ மாற்றுங்கள். உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவில் இருக்கிறது, உங்கள் ஊருக்கு அது வராது. மக்காச்சோளத்தை வளைகுடாவிலிருந்து நதி வழியே உள்ளே போனால், செயின்ட் லாரன்ஸ் கரையின் உழவர்களிடம், 14ஆம் நூற்றாண்டில் காட்டலாம். குதிரையைத் தீவில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பெருநிலத்தில் இரண்டு தப்பித்தால்கூடக் கண்டத்தின் வரலாறே உங்கள் கையை விட்டுப் போய்விடும். கொம்பு வைத்த தலைக்கவசம் யார் தலையிலாவது இருந்தால் கழற்றுங்கள், 1876ல் ஜெர்மனியில் மேடையேறிய ஓர் இசைநாடகத்தின் உடைகள்தான் அதை ஊரெங்கும் பரப்பின. கடைசியாகக் கதையில் வரும் ஒவ்வொரு இரும்புச் சட்டிக்கும் அது எந்தக் கப்பலில் வந்தது என்று ஓரத்தில் பென்சிலால் ஆண்டு எழுதுங்கள். 1349க்கும் 1412க்கும் இடையில் ஏதாவது ஆண்டு விழுந்திருந்தால் சட்டியை எடுத்துவிட்டு மாவுக்கல்லில் குடைந்த பானை வையுங்கள், கிரீன்லாந்தில் அதில்தான் சமைத்தார்கள்.